கழுவிய மண்

மண் நல வாரியத்துக்குள் போகிறவர்கள் வாசலில் காலைக் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். கழுவி முடித்ததும் காவலாளி உள்ளங்காலைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்ப்பார். நக இடுக்கில் ஏதாவது ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். வாரியம் ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்துக்குள் ஒரு சிட்டிகை மண் சிந்தியது கிடையாதாம். அதை வாசலிலேயே பெரிய எழுத்தில் எழுதிவைத்துப் பெருமைப்பட்டுக்கொள்கிறார்கள்.

கீரைக்காரர் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். தோட்ட வேலை செய்கிறவருடைய பாத வெடிப்பில் இருக்கும் மண் அவ்வளவு சுலபத்தில் போகிற மண்ணா? காவலாளி கடைசியில் மனமிரங்கி, இரண்டு பிளாஸ்டிக் பைகளைக் கொடுத்துக் காலில் கட்டிக்கொள்ளச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கீரைக்காரர் கையில் இருந்த தகர டப்பாவைக் கவனித்தார். உள்ளே என்ன என்று கேட்டார். மண் என்று கீரைக்காரர் சொன்னதும் காவலாளி இரண்டடி பின்னால் போனார். மண் வாரியத்துக்கு மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு போலிருக்கிறது. டப்பாவை ஒரு பையிலும் அந்தப் பையை இன்னொரு பையிலும் போட்டு முடிச்சுப் போட்டு, வேண்டாவெறுப்பாக உள்ளே விட்டார்.

அது கீரைக்காரர் வீட்டுப் பின்பக்கத்து மண். வீட்டை ஒட்டித் துண்டு நிலம், அதில் கீரைப் பாத்திகள், பாத்திகளுக்கு அப்பால் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், பழைய பேட்டரிகளை உடைத்து உருக்கிக் காரீயம் எடுக்கிற பட்டறை. அதன் புகைபோக்கியிலிருந்து சாம்பல் இந்தப் பக்கம்தான் இறங்கும். மழை பெய்தால் சுவரடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிந்து பாத்திக்குள் வரும். முதலில் கீரை வளராமல் கூம்பிப் போயிற்று. சத்துக் குறைச்சல் என்று நினைத்து மூட்டை மூட்டையாக உரத்தைக் கொட்டினார். நிலம் உப்புப் பூத்து இறுகியதுதான் மிச்சம். பிறகு கோழிகள் ஓடில்லாத முட்டை போட்டன. கொஞ்ச நாளில் கோழிகளே இல்லை. அதையெல்லாம் அவர் தன் போதாத காலம் என்று எடுத்துக்கொண்டார். மனிதனுக்கு எதையும் பொறுத்துக்கொள்கிற கெட்ட பழக்கம் இருக்கிறது.

பொறுக்க முடியாமல் போனது மகள் விஷயத்தில். நான்கு வயசுப் பெண். அவளுக்கு வாயாடி என்று பட்டம் வைத்தது அக்கம்பக்கத்தார். கண் விழித்தால் பேச்சு, கண் மூடும்வரை பேச்சு. சுவரோரம் உட்கார்ந்து செங்கல்லோடும் பேசுவாள், சாம்பலோடும் பேசுவாள். எல்லாக் குழந்தைகளையும் போல மண்ணையும் தின்பாள். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தபோது, "அப்பா, இந்த மண்ணு இனிக்குதுப்பா" என்று சொல்லி அவர் வாயிலும் கொஞ்சம் வைக்கப் பார்த்தாள். அவரும் மனைவியும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் கீரைக்காரருக்குத் தன்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஏனென்றால் அதற்குப் பிறகு குழந்தைக்கு ஓயாமல் வயிறு வலித்தது. முகம் வெளிறியது. அப்புறம் சொற்கள் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தன. நீளமான சொற்கள் முதலில் போயின. 'கோழி' மட்டும் கோழிகள் செத்த பிறகும் சில நாள் இருந்தது, பிறகு அதுவும் போயிற்று. கடைசியாகப் போனது 'அப்பா'. இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் அவர் விரலைப் பிடித்துப் பானைக்கு இழுத்துப் போகிறாள்.

டாக்டரம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "மண்ணு இனிக்குதுன்னு சொன்னாளா?" என்று திருப்பிக் கேட்டார். காரீயம் கலந்த மண் அப்படித்தான் இனிக்குமாம். ரத்தத்தில் அது நிறைய ஏறியிருக்கிறது, மருந்து கொடுக்கலாம், ஆனால் மறுபடி அதே மண்ணில் கொண்டுபோய் விட்டால் மருந்து பலிக்காது, இடத்தை மாற்றுங்கள் என்றார். எங்கே மாற்றுவது? நிலத்தை விற்றுவிட்டுப் போகலாம் என்றால், வாங்குகிறவனுக்கும் ஒரு குழந்தை இருக்கும். நகரசபையில் போய்க் கேட்டார். அவர்கள் தங்கமானவர்கள். கெட்டுப்போன மண்ணில் குடியிருப்பவர்களுக்கு ஊரின் மறுகோடியில் வீடு ஒதுக்கித் தரத் தயாராக இருந்தார்கள். மண் கெட்டுப்போயிருக்கிறது என்று மண் நல வாரியம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கீரைக்காரர் காலில் பையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வாரியத்தில் பல பிரிவுகள் இருந்தாலும் பெரிய பிரிவு கழுவல் பிரிவுதான். கட்டடத்தில் பாதி அவர்களுடையது. அதன் அதிகாரி கையுறை போட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"என்னங்க இது, இவ்வளவு அழுக்கா இருக்கு?"

"மண்ணுங்க சார்."

"மண்ணுதான். அதுக்காக இப்படியே தூக்கிட்டு வருவாங்களா?"

பரவாயில்லை, நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று பெருந்தன்மையாக வாங்கிக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்ததைக் கீரைக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். மண்ணை ஒரு தொட்டியில் கொட்டினார்கள். தண்ணீர் விட்டுக் கலக்கினார்கள். கலங்கலை வடித்தார்கள். மறுபடி தண்ணீர், மறுபடி கலக்கல். பிறகு ஏதோ அமிலத்தில் ஊறப்போட்டு அலசினார்கள். கலங்கல் கறுப்பாக வந்தது, பழுப்பாக வந்தது, கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தது. வந்த பிறகும் விடவில்லை. கல்யாணப் பட்டுச் சேலையைக் கூட யாரும் இத்தனை கரிசனத்தோடு அலசியிருக்க மாட்டார்கள். அடுப்பில் வைத்து உலர்த்தி எடுத்தபோது, டப்பா நிறைய இருந்த மண் ஒரு கைப்பிடி வெள்ளை மணலாக மாறியிருந்தது. அதை இயந்திரத்தில் வைத்தார்கள். இயந்திரம் பச்சை விளக்குக் காட்டியது.

"அருமையான மண்ணு. குறையே இல்ல" என்றார் அதிகாரி.

கீரைக்காரர் திருதிருவென்று விழித்தார். கழுவாமல் வைத்துப் பார்த்தால் என்ன என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அதிகாரிக்குக் கோபமே வரவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில் அவருக்குத் தனி ஆனந்தம் இருந்தது.

"ஆரம்பத்துல கழுவாமதாங்க பார்த்துட்டிருந்தோம். மெஷின் எப்பப் பாரு சிவப்பு விளக்கே காட்டுச்சு. எந்த ஊரு மண்ணை வெச்சாலும் மாசு, மாசு, மாசு. என்னடா இது, மெஷின்ல கோளாறான்னு ஒரு குழு போட்டோம். அவங்க ரெண்டு வருஷம் உக்காந்து கண்டுபிடிச்சாங்க. மெஷின்ல கோளாறே இல்ல. மண்ணுல ஒட்டிட்டிருக்கிற அழுக்குனாலதான் அப்படிக் காட்டுதாம்."

"அந்த அழுக்கத்தான் சார் நான் பாக்கச் சொல்றேன்."

"அழுக்கு வேற, மண்ணு வேறங்க. நாங்க மண்ணுக்கு வாரியம். அழுக்குக்கு இல்ல."

அப்படியானால் வடித்த கலங்கல் தண்ணீரையாவது பாருங்கள், என் மண்ணில் இருந்தது எல்லாம் அதில்தான் இருக்கிறது என்று கீரைக்காரர் கெஞ்சினார். தண்ணீருக்குத் தனி வாரியம் இருக்கிறதே என்றார் அதிகாரி. கீரைக்காரர் அந்தக் கலங்கலை வாங்கிக்கொண்டு அங்கேயும் போனார். அங்கே தண்ணீரை வடிகட்டிவிட்டுத்தான் சோதிப்பார்கள். வடிகட்டியதும் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. வடிதுணியில் தங்கிய கறுப்புச் சேற்றைக் காட்டி இது என்ன என்று கேட்டார். அது மண், அதற்குத்தான் மண் வாரியம் இருக்கிறதே என்று வழி சொல்லி அனுப்பினார்கள்.

மண் வாரியத்துக்கே திரும்பி வந்தார். கட்டடத்தின் பின்பக்கம் ஒரு பூந்தோட்டம் இருந்தது. கழுவல் பிரிவின் குழாய் அங்கேதான் வந்து கொட்டுகிறது. தோட்டக்காரர் ஒரு துணியை நனைத்து ஒவ்வொரு பூவாகத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் பிளாஸ்டிக் பூ. நிஜச் செடி வைப்பதில்லையா என்று கீரைக்காரர் கேட்டதற்கு, வைத்த காலத்தில் தினம் ஒன்றைப் பிடுங்கிப் போட வேண்டியிருந்தது, இதுதான் நிம்மதி, துடைத்தால் போதும் என்றார் அவர். குழாய்த் தண்ணீர் அங்கே தேங்கித் தேங்கி இப்போது வழிய ஆரம்பித்துவிட்டதாம். அதை எங்கே கொண்டுபோய் விடுவது என்று மேலே யோசித்துக்கொண்டிருக்கிறார்களாம்.

கீரைக்காரர் விடாப்பிடியாக அலைந்தார். மண்ணைக் கொண்டு வந்தால்தானே கழுவுவீர்கள், நீங்களே வந்து நிலத்தைப் பாருங்கள் என்று அந்த அதிகாரியின் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டார். அவர் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஒருநாள் வண்டி நிறைய ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்கள் முழங்கால்வரை உறை போட்டிருந்தார்கள். வாசலிலிருந்து சுவர்வரை பலகை விரித்து, பலகைமேலேயே நடந்தார்கள். உறை எதற்கு என்று கீரைக்காரரின் மனைவி கேட்டாள். எங்கள் செருப்பு அழுக்கு உங்கள் மண்ணில் பட்டுவிடக் கூடாது, எங்களுக்கு மண்தான் முக்கியம் என்று அதிகாரி பணிவாகச் சொன்னார். ஆனால் அவள் கொடுத்த தண்ணீரை யாரும் தொடவில்லை. கதவு திறந்திருந்த சமயம் பார்த்துச் சுவரடிக்குப் போய் உட்கார்ந்திருந்த வாயாடி அவர்களை நிமிர்ந்து பார்த்துவிட்டு விரலைச் சூப்பினாள். விரல் முழுக்க மண். ஒருவர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், தெரியாதவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். வாரியம் இந்த இரண்டு வகை மனிதர்களால்தான் நடக்கிறது.

ஒரு பந்தல் போட்டு, அதில் தொட்டிகளை இறக்கி அங்கேயே கழுவ ஆரம்பித்தார்கள். இந்த மண் லேசில் தெளியவில்லை. அதிகாரி பிடிவாதக்காரர். வேண்டிய அமிலத்தை வரவழைத்து, ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்தி, பொழுது சாயும்வரை அலச வைத்தார். கடைசியில் வந்த மணலைக் கையில் வாங்கியதும் அவர் குரல் தழுதழுத்தது.

"என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான மண்ணைப் பார்த்ததில்லைங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அழுக்கு எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நேரம் கழுவ வேண்டும், எவ்வளவு நேரம் கழுவுகிறார்களோ அவ்வளவு சுத்தம். அந்தக் கணக்கில் மிக மோசமான மண்தான் மிக நல்ல மண்ணாக வெளியே வரும். வாரியம் வருஷாவருஷம் நடத்துகிற தூய மண் போட்டியில் அந்த வருஷம் மூன்றாவதாக வந்தது தோல் பதனிடும் தொழிற்சாலைக் கழிவு ஓடுகிற ஒரு வாய்க்கால் கரை. இரண்டாவது, ஆஸ்பத்திரிக் குப்பை கொட்டுகிற மேடு. முதலிடத்தில் கீரைக்காரரின் நிலம்.

செய்தி வந்த அன்று கீரைக்காரர் சாப்பிடவில்லை. நகரசபைக்கு ஓடினார். அங்கே எழுந்து நின்று கைகொடுத்தார்கள். நாட்டிலேயே நல்ல மண்ணில் இருந்துகொண்டு வேறு இடம் கேட்கிறீர்களே, இதற்கு மேல் உங்களுக்கு என்ன இடம் நாங்கள் தர முடியும் என்று நியாயமாகவே கேட்டார்கள். கீரைக்கு ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். அவர் ஒரு கட்டுக்கூட விற்கவில்லை. முளைத்ததையெல்லாம் பிடுங்கி ஒரு மூலையில் குவித்தார். பரிசு வாங்கியதும் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

விழா அவர் நிலத்திலேயே நடந்தது. பாத்திகளை மூடிப் பெரிய விரிப்பு விரித்து அதன்மேல் மேடை போட்டார்கள். வாரியத் தலைவர் வந்து இறங்கினார். மண்ணை அள்ளி நெற்றியில் வைத்துக்கொள்வதுபோல் அவரைப் படம் எடுக்க வேண்டும் என்பதற்காக, ஒரு வெள்ளித் தட்டில் வெளியிலிருந்து மண் கொண்டுவந்திருந்தார்கள். தலைவர் நன்றாகப் பேசக்கூடியவர்.

"மண் மாசுக்கு என்ன காரணம்னு கண்டுபிடிக்க எங்க வாரியம் ராப்பகலா உழைச்சிருக்கு. பட்டறைன்னாங்க, சாக்கடைன்னாங்க, பூச்சிமருந்துன்னாங்க, பிளாஸ்டிக்குன்னாங்க. நாங்க எதையும் அவசரப்பட்டு நம்பல. மாசுன்னு சொன்ன ஒவ்வொரு இடத்துக்கும் நேர்ல போனோம். அத்தனை இடத்துலயும் பொதுவா ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. மண்ணு."

கைதட்டல் எழுந்தது. அவர் கையமர்த்தினார்.

"மண்ணு இல்லாத இடத்துல மண் மாசே கிடையாது. எங்க கட்டடமே அதுக்குச் சாட்சி. சிலர் கேக்கறாங்க, குழந்தைங்களுக்கு உடம்புக்கு வருதேன்னு. நான் பணிவோட சொல்லிக்கறேன். மண்ணைத் தொடுற குழந்தைங்களுக்குத்தான் வருது. என் பேரப்பிள்ளைங்க மண்ணைப் பார்த்தது கூட இல்ல, ஒரு தும்மல் உண்டா?"

பிறகு மூன்று அறிவிப்புகளைச் செய்தார். ஒன்று, சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள பட்டறைக்கு ஒரு பாராட்டு. இவ்வளவு நல்ல மண்ணுக்கு இத்தனை வருஷம் பக்கத்திலேயே துணையாக இருந்ததற்காக. இரண்டு, இந்த நிலம் இனி நாட்டின் மாதிரி நிலம். அதைப் பராமரிக்கும் பொறுப்பு கீரைக்காரர் குடும்பத்துக்கே. அவர்கள் இந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது. "இந்தக் குடும்பத்தை இனிமே இங்கிருந்து யாராலயும் அசைக்க முடியாது" என்று அவர் மேசையைத் தட்டியபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. மூன்றாவது, வாரியத்தின் பின்பக்கம் தேங்கிக் கிடக்கிற கழுவல் தண்ணீர். அதைத் தாங்குகிற சக்தி நல்ல மண்ணுக்குத்தான் உண்டு என்று நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். அதனால் அது இனி இங்கேயே வந்து சேரும். முதல் லாரி தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது.

கீரைக்காரர் எழுந்தார். இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று முந்தின நாளெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தார். "சார், எம்பொண்ணு" என்று ஆரம்பித்தார்.

"அட, பொண்ணும் வந்திருக்கா? மேடைக்குக் கூட்டிட்டு வாங்க" என்றார் தலைவர்.

யாரோ வாயாடியைத் தூக்கிக்கொண்டு போய் மைக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். நன்றி என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லும்மா என்றார் தலைவர் குனிந்து. குழந்தை மைக்கைப் பார்த்தது. வாயைத் திறந்தது. கீரைக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார், அவர் மனைவி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். செங்கல்லோடு பேசியவள், சாம்பலோடு பேசியவள், அத்தனை பேருக்கு முன்னால் திறந்த வாயோடு அப்படியே நின்றாள். உதட்டோரம் எச்சில் வழிந்தது.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மகிழ்ச்சியில பேச்சே வரல பாருங்க" என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

பரிசு ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் கீரைக்காரரின் நிலத்து மண், கழுவியது, வெள்ளைவெளேரென்று. அதை அவர் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு, விரிப்பைச் சுருட்டிக்கொண்டு, உறைகளைக் கழற்றி அங்கேயே போட்டுவிட்டு எல்லோரும் போனார்கள். அவர்கள் போக வழிவிட்டு ஒதுங்கியிருந்த லாரி உள்ளே வந்தது. பாத்திகளில் கறுப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டது.

கீரைக்காரர் கதவைச் சாத்திவிட்டு ஜாடியோடு தரையில் உட்கார்ந்தார். மனைவி எதிரே உட்கார்ந்தாள். எத்தனை நாள் குழந்தையைக் கதவுக்குள் அடைத்து வைப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. மண்ணைத் தின்னாதே என்று சொன்னால் அவளுக்கு இப்போது விளங்குவதும் இல்லை.

"அதை எதுக்குக் கையில வெச்சுக்கிட்டு இருக்கீங்க? தூக்கி எறிங்க" என்றாள்.

அவர் எறியவில்லை. மூடியைத் திருகித் திறந்தார். ஒரு தட்டை எடுத்து மணலை அதில் கொட்டி, குழந்தையின் முன்னால் தள்ளி வைத்தார். அவள் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லம்மா. எல்லாத்தையும் கழுவிட்டாங்க. தின்னாலும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்கு மண்ணைத் தட்டில் வைத்துக் கொடுக்கிற தகப்பன் உலகத்தில் வேறு யாராவது இருப்பானா என்று நினைத்துக்கொண்டார்.

வாயாடி ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். முகத்தைச் சுளித்துத் துப்பினாள். பிறகு எழுந்து வந்து அப்பாவின் விரலைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தாள். அவர் நகரவில்லை. அவள் இன்னும் பலமாக இழுத்தாள், கதவைக் காட்டினாள், உதட்டைக் குவித்து எதையோ தேடினாள்.

"இனி," என்றாள். "இனிப்பு."

எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. மனைவி சந்தோஷத்தில் குழந்தையை வாரி அணைத்து, இன்னொரு தடவை சொல்லு, இன்னொரு தடவை சொல்லு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கீரைக்காரர் எழுந்து போய்க் கதவின் மேல்தாழ்ப்பாளையும் போட்டார்.